குடித்துத் தொலையுங்கள், பாட்டிலை ஏன் உடைக்கிறீர்கள்?

குடித்து முடித்தாயிற்று, பாட்டில் காலி. கொண்டுவந்த பையிலேயே போட்டு எடுத்துப் போகலாம். அதற்கும் மனம் இல்லையா, சரி, ஒரு மரத்தடியில் முழுசாக வைத்துவிட்டாவது போகலாம். அதை விட்டுவிட்டு ஆற்றுப் பாறையில் ஓங்கி அடித்து உடைக்கிறார்களே, அதில் என்னதான் கிடைக்கிறது?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு லீவு விட்டால் போக என்ன இருக்கிறது? அகத்தியர் அருவி, மணிமுத்தாறு, பாபநாசம் படித்துறை. அவ்வளவுதான். புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் சாயங்காலம் வரை தண்ணீரிலேயே கிடப்பார்கள். நேற்று அருவியில் கூட்டம் நெரிந்தது. கோயிலுக்குக் கீழே, தாமிரபரணி அகலமாக ஓடுகிற இடத்தில் இறங்கினோம். முழங்கால் அளவுதான் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்கூடத் தெரிந்தது. பிள்ளைகளை நம்பி விடுவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது?

அண்ணன் மகள்தான் முதலில் ஓடினாள். "அத்தே!" என்று ஒரே அலறல். தூக்கிப் பார்த்தால் குதிகாலில் பழுப்புக் கண்ணாடி ஏறி நிற்கிறது. மதினி அவளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அண்ணன் மெதுவாக இழுக்கிறார். பாதி வந்தது, பாதி உள்ளேயே ஒடிந்துவிட்டது. பிள்ளை துடிக்கிறாள். துண்டைச் சுற்றிக் கட்டினால் துண்டு நனைந்து ரத்தம் சொட்டுகிறது. அவள் நின்ற இடத்தில் நான் குனிந்து தடவிப் பார்த்தேன். பாட்டிலின் அடிப்பாகம் மணலில் புதைந்து, கூர்முனை எல்லாம் மேலே பார்க்க நின்றது. தெளிந்த தண்ணீருக்குள் கண்ணாடி கண்ணுக்கே தெரியாது. கழுத்துப் பகுதி இரண்டு பாறைக்கு நடுவில் கிடந்தது. லேபிள்கூட இன்னும் ஊறிக் கழன்றிருக்கவில்லை. முந்தின ராத்திரி உடைத்ததாகத்தான் இருக்கும். அதைச் சுற்றிப் பழைய சில்லுகள், பச்சை, வெள்ளை, பழுப்பு என்று எத்தனை பேர் குடித்ததோ!

கேளுங்கள், இன்னும் முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறும்போது எதிரே பைக்கில் நான்கு பையன்கள், கையில் கறுப்புக் கவர். காலைக் காட்டி, "தம்பி, தயவுசெய்து இங்கே உடைச்சிராதீங்கப்பா" என்று கெஞ்சினேன். "நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லக்கா" என்றான் ஒருவன். ஆட்டோவைக் கூப்பிட்டு, செருப்பைத் தேடி, பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம், பின்னால் சல்லென்று சத்தம். அதோடு ஒரு சிரிப்பும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊசி போட்டுத் தையல் போட்ட பிள்ளை, "இனிமே ஆத்துக்கு வரமாட்டேன்" என்கிறாள். பொதிகையில் பிறந்து கோடையிலும் வற்றாமல் ஓடுகிற ஆற்றங்கரையில் வளர்கிற பிள்ளை சொல்கிற பேச்சா இது?

அருவிக்குப் போகிற வழியில் வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது. அது புலிகள் காப்பகம், மதுவுக்கு அனுமதி இல்லை. அதனால் என்ன ஆகிறது? சாவடிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து குடித்து, இந்தப் பக்கமே உடைக்கிறார்கள். நீலகிரியில் யானைகளின் காலில் பாட்டில் குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், 2022இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் உடைந்த பாட்டிலுக்கு யார் பத்து ரூபாய் தருவார்கள்? நாலு பாட்டிலுக்கு நாற்பது ரூபாய். ஒரு பிள்ளையின் காலுக்காக இல்லாவிட்டாலும் அந்தக் காசுக்காகவாவது முழுசாக எடுத்துப் போகக்கூடாதா?

அப்புறம் இந்தத் துணி விஷயம். பரிகாரம் என்று முழுக்குப் போட்டுவிட்டு, உடுத்தியிருந்த வேட்டி சேலையை ஆற்றோடு விட்டுப் போகிறவர்களே, அது கடலுக்கா போகிறது? அடுத்த பாறையில் சிக்கி மக்கிக் கிடக்கிறது, குளிக்கிறவர்கள் காலைச் சுற்றுகிறது. மனுஷர்கள் இறங்கித்தான் அதை டன் கணக்கில் அள்ளுகிறார்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. எந்தச் சாமியும் அழுக்குத் துணியைக் கேட்கவில்லை. பிழிந்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்!