ரிப்போர்ட்டோடு ஒரு தமிழ்ப் புத்தகமும் கொடுங்கள்

பிள்ளைக்கு ஆட்டிசம் (பேச்சு, பழக்கம், புலன்கள் எல்லாம் வேறு மாதிரி இருக்கும் மூளை வளர்ச்சி நிலை) என்று தெரிந்ததும் பெற்றவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பார்கள். அந்த நேரத்தில் நல்ல தமிழ் எழுத்து கைக்குக் கிடைத்தாக வேண்டும்.

எங்கள் மகனைப் பரிசோதித்த இடத்தில் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் கொடுத்தார்கள், தெரபிக்கு வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு செல்போனில் தேடினால் முதலில் வருபவர்கள் 'முழுக் குணம்' என்று விற்கிறவர்கள். சொட்டு மருந்து, பத்தியம், ஸ்டெம் செல் ஊசி. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் கிடையாது. இந்த ஒரு வரியை மருத்துவமனையிலேயே தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ வீட்டு நகை அடகுக்குப் போகாது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கதையும் அப்படித்தான். அதைக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எதைப் படித்தாலும் எழுதிய வருடத்தைப் பாருங்கள். தாய் பாசம் காட்டாததால் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய டாக்டர்களே எழுதிய காலம் உண்டு. சத்தம், வெளிச்சம், தொடுதல் இவற்றைத் தாங்க முடியாமல் போவது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசத்துக்கான அடையாளமாகச் சேர்ந்ததே 2013இல்தான். இதைப் பற்றிப் படித்ததை ஒரு நோட்டில் தமிழில் எழுதி என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப பயலுக்குத் தவுல் சத்தம் காதுல குத்துதாம்மா?" என்றார். அதுவரை அடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது கோயிலில் மேளக்காரர்கள் உறையைக் கழற்றும்போதே பேரனைத் தூக்கிக்கொண்டு பின் பிராகாரத்துக்குப் போய்விடுகிறார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் தொடங்க யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' நல்ல புத்தகம். அவரும் இப்படி ஒரு பிள்ளையின் தகப்பன்தான். அப்புறம் அவருடைய 'துலக்கம்' நாவல். என் வீட்டுக்காரருக்குப் புத்தகமே ஆகாது. டெம்பிள் கிராண்டினைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா ஆட்டிசம் உள்ளவர், மாடுகள் மிரளாமல் நடந்து போகிற மாதிரி பட்டிகளை வடிவமைத்துப் பேர் வாங்கியவர், பேராசிரியர். மாடு வளர்க்கிறவருக்கு அது சட்டென்று பிடித்துப்போனது.

ஆனால் நம் ஊருக்கென்று யாராவது எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீர். இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விடுவார்கள், தண்ணீர் என்றால் இழுக்கும். விபத்தில் இவர்கள் இறப்பதற்கு நீரில் மூழ்குவது ஒரு முக்கியக் காரணம் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் நீச்சல் குளத்துக்கு வேலி போடச் சொல்லும். எங்கள் ஊர்ப் பாமணியாற்றுக்கு யார் வேலி போடுவது? ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டித் தண்ணீர் நம் கொல்லைப்புற வாய்க்கால் வரைக்கும் வந்துவிடும். நேற்றுவரை பிள்ளை விளையாடிய மணலில் இடுப்பளவு ஓடும். கொல்லைக் கதவுக்குக் கை எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். டீக்கடைக்காரர், ஆடு மேய்க்கிறவர், மதகு பார்க்கிற லஸ்கர் எல்லாரிடமும் பிள்ளையைக் காட்டி வையுங்கள். தனியாகப் பார்த்தால் பிடித்து வைத்துக்கொண்டு போன் பண்ணச் சொல்லுங்கள். முடிந்த மட்டும் சீக்கிரம் நீச்சல் பழக்குங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

நூலகர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கிளை நூலகத்தில் இந்த இரண்டு புத்தகத்தையும் வாங்கி வையுங்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அம்மாக்களுக்கு என்னிடம் இருக்கும் பிரதிகளைத் தருகிறேன். அத்தைக்காக எழுதிய நோட்டையும் ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன்.