பின் நம்பரைத் திருப்பிப் போட்டால் போலீஸ் வராது

"ஏ.டி.எம்.மில் திருடன் மிரட்டினால் பின் நம்பரைத் தலைகீழாகப் போடுங்கள். பணமும் வரும், போலீசுக்கும் தகவல் போகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது உண்மையில்லை. திருப்பிப் போட்ட எண்ணை இயந்திரம் தவறான பின் என்றே எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2010-ல் வெளியிட்ட அறிக்கையும், இந்த வசதி அங்கே எந்த ஏ.டி.எம்.மிலும் இல்லை என்றே சொன்னது.

இந்த யோசனையில் உள்ள ஓட்டையைப் பெருக்கல் விதியை (ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள வாய்ப்புகளைப் பெருக்குவது) வைத்து நீங்களே சரிபார்க்கலாம். 2112, 5555 போன்ற எண்களைத் திருப்பினாலும் அதேதான் வரும். அப்படி எத்தனை உண்டு? முதல் இலக்கத்துக்கு 10 வாய்ப்பு, இரண்டாவதற்கும் 10. மூன்றாவது இரண்டாவதைப் போலவும், நான்காவது முதலாவதைப் போலவும் இருந்தாக வேண்டும், ஆகவே தலா 1 வாய்ப்புதான். 10×10×1×1 = 100. பலர் இங்கே 10+10 என்று கூட்டிவிடுகிறார்கள். முதல் இலக்கம் 0 என்றால் 00, 01 முதல் 09 வரை பத்து ஜோடி. 1 என்றால் இன்னொரு பத்து. இப்படி 9 வரை மொத்தம் பத்து முறை பத்து. அதனால்தான் பெருக்குகிறோம்.

மொத்த பின்கள் 10×10×10×10 = 10,000. அதில் 100 பின்களைத் திருப்பிப் போட்டால் இயந்திரத்துக்கு வித்தியாசமே தெரியாது.

மிரட்டலுக்கு நடுவே இதை நம்பி ஒருவர் தவறான எண்ணைப் போட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து பகிராதீர்கள். சந்தேகமிருந்தால் கார்டின் பின்புறமுள்ள வங்கி எண்ணில் கேளுங்கள். அவசரத்துக்கு 112.