செக்கரியா ஏன் பலகை கேட்டார்?

டிசம்பர் 23 திருப்பலியில் வாசிக்கும் நற்செய்தி (லூக்கா 1:57-66) முழுக்க ஒரு பெயர்ச் சண்டைதான். செக்கரியா, எலிசபெத்து தம்பதிக்குப் பிள்ளை (பின்னாளில் திருமுழுக்கு யோவான்) பிறந்து எட்டாம் நாள் சொந்தபந்தம் கூடி, அப்பா பெயரையே வைத்து செக்கரியா என்று கூப்பிடப் பார்க்கிறது. எலிசபெத்து மறுக்கிறார்: யோவான்தான். "உங்க வகையறாவில் அப்படி யாருமே இல்லையே" என்கிறார்கள். நம் வீடுகளிலும் இதே கேள்விதான். பேச்சிழந்திருந்த தகப்பன் பலகை கேட்டு வாங்கி, பெயர் யோவான் என்று எழுதுகிறார். உடனே நாவு கட்டவிழ்கிறது.

எபிரேயத்தில் செக்கரியா என்றால் 'ஆண்டவர் நினைவுகூர்ந்தார்'. எலிசபெத்து என்ற பெயருக்குள் 'ஆணை' இருக்கிறது. யோவான், 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்'. மறுநாள் காலைத் திருப்பலியில் செக்கரியாவின் பாடல் வரும். அதில் 72, 73 ஆம் வசனங்களைப் பாருங்கள்: இரக்கம், உடன்படிக்கையை நினைவுகூர்தல், ஆபிரகாமுக்கு இட்ட ஆணை. ஒரு வீட்டின் மூன்று பெயர்களும் பாட்டுக்குள் இருக்கின்றன. தமிழில் கேட்கும் நமக்கு அது காதில் விழுவதே இல்லை. காரணம், பெயர்கள் நமக்கு வெறும் ஒலியாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கின்றன.

மத்தேயு இந்தச் சிக்கலை உணர்ந்தவர். கிரேக்கம் பேசுகிறவர்களுக்கு எழுதும்போது 'இம்மானுவேல்' என்று சொன்ன கையோடு அதன் பொருளையும் எழுதிவிடுகிறார் (1:23). பொருள் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அது.

அந்தக் கவலை நம் முன்னோருக்கும் இருந்தது. பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவானின் அருளை எடுத்து அருளப்பர். நவம்பர் 30 இல் வரும் அந்திரேயாவுக்கு ஆண்மை, வீரம் என்று பொருள், ஆகவே பெலவேந்திரர். லாசர் என்றால் 'கடவுள் துணை'. 1745 இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை அந்தப் பெயரில்தான் திருமுழுக்குப் பெற்றார், தமிழில் தேவசகாயம். 2022 மே 15 அன்று ரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டதும் அந்தத் தமிழ்ப் பெயரோடுதான். சூசையப்பர் (யோசேப்பு) மட்டும் போர்த்துக்கீசிய ஒலியில் வந்தவர், அவரை விட்டுவிடலாம்.

1995 இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அருளப்பர் யோவானாகவும் சின்னப்பர் பவுலாகவும் மாறினார்கள். எல்லாச் சபையினரும் ஒரே விவிலியத்தை வாசிக்க அது தேவைதான். ஆனால் வாசகமேடையில் மாறியது தொட்டிலிலும் மாறிவிட்டது. இப்போது பெயரைத் தீர்மானிப்பது எண் கணிதம். ஆங்கிலத்தில் எங்கேயோ ஒரு 'ஏ' கூட்டி, ஒரு 'ஹெச்' நுழைத்து, கூட்டுத்தொகை சரியானதும் திருமுழுக்குக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திருமுழுக்குச் சடங்கின் முதல் கேள்வியே குழந்தைக்கு என்ன பெயர் என்பதுதான். அதற்கு ஒரு கூட்டல் கணக்கைப் பதிலாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

புனிதர் பெயர் கட்டாயமா என்று கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பில் கிறிஸ்தவப் பெயர் வைக்கப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. பெற்றோர் இணங்காவிட்டால் ஒரு புனிதர் பெயரையும் அவர் சேர்த்துப் பதிய வேண்டியிருந்தது. 1983 சட்டத்தொகுப்பின் 855 ஆம் விதி கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்பதை மட்டுமே. அருள்மொழி, அன்பரசி, இறையருள் எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

தொல்லை வருவது வேறிடத்தில். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. இருபத்தைந்து வருடம் கழித்துக் கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயர் அப்போதே வேண்டியதில்லை. பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமலும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். ஆகவே பெயரை நிதானமாகத் தேர்ந்து, தமிழ், ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, அதே தாளைப் பங்கு அலுவலகத்திலும் நகராட்சியிலும் காட்டுங்கள். வாயால் சொல்லி எழுதவைத்தால்தான் பிழை நுழைகிறது. செக்கரியா பலகை கேட்டதும் நல்லதற்குத்தான்.

டிசம்பர் 26 புனித ஸ்தேவான் திருநாள். ஸ்தேபனோஸ் என்றால் மகுடம். நம்மவர்கள் அவரை முடியப்பர் என்றார்கள். பள்ளியில் தலைமுடியைச் சொல்லிக் கேலி செய்வார்கள் என்று இந்தப் பெயரைத் தவிர்க்கிறார்களாம். மூவேந்தர் தலையில் இருந்ததும் முடிதானே ஐயா!