டயர் காத்து: சூட்டுலயா, ஆறினப்புறமா? அதை முதல்ல சொல்லுங்க!

"32 வைங்க, போதும்."

சொந்தக் காரை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பார்க்க வர்றவங்ககிட்ட டயர் காத்தைப் பத்தி வாயைத் திறந்தாலே இப்படி ஒரு நம்பரைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. எப்போ 32? காலையில நிழல்ல நிக்கிற டயர்லயா, நாலஞ்சு லேப் அடிச்சுட்டு ரப்பர் வாடையோட உள்ள வர்ற டயர்லயா? திருப்பிக் கேட்டா முழிக்கிறாங்க. சிலருக்குக் கோபமே வருது, நான் நொட்டை சொல்றேனாம். இது நொட்டை இல்லைங்க, விஷயமே இதுதான். சூடு எவ்வளவுன்னு சொல்லாத பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) நம்பரை வெச்சுக்கிட்டு ஒரு மண்ணும் பண்ண முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 25 டிகிரியில 32 அடிச்சிருக்கீங்க. காத்தழுத்தம் அளக்கிற கேஜ் காட்டுறது வெளிக்காத்தைவிட எவ்வளவு கூடன்னு மட்டும்தான். வெளிக்காத்தோட 14.7-ஐயும் சேர்த்தா உள்ள இருக்கிறது 46.7. நல்லா விரட்டி ஓட்டி, உள்ள இருக்கிற காத்து 85 டிகிரிக்கு வந்துச்சுன்னா, கெல்வின்ல 298 இருந்தது 358 ஆகுது. அதே விகிதத்துல அழுத்தமும் ஏறும். கேஜ்ல 41 நிக்கும். புதுசா துளி காத்து அடிக்காமலே 9 பிஎஸ்ஐ ஏறியாச்சு! அந்த "32"-ஐ நம்பி ஒருத்தர் ஆறின டயர்ல வெக்கிறார், இன்னொருத்தர் சூடா வந்து 32-க்கு இறக்குறார். சொன்னவர் எதை மனசுல வெச்சுச் சொன்னாரோ, ரெண்டு பேர்ல ஒருத்தர் 9 பிஎஸ்ஐ தள்ளிப் போயிட்டார். காத்து கூடிப்போனா டயர் நடுவுல உப்பி, தரையில பதியிற இடம் சுருங்கி, நடுப்பகுதி தேயும். குறைஞ்சுபோனா பக்கச்சுவர் மடங்கி, ஓரம் அரைபடும். ரெண்டு பேருமே கடைசியில சொல்றது ஒண்ணுதான்: "இந்த டயர் டிராக்குக்கு ஆகாது." டயர் என்னங்க பாவம் பண்ணுச்சு?

இது சின்னப் பிரச்சினைன்னு நெனைக்கிறவங்க 2015 மொன்சா ரேஸைப் பாருங்க. ஃபார்முலா ஒன்ல, ரேஸ் கிளம்பறதுக்கு முன்னாடி வரிசையா நிக்கிற கிரிட்ல அளந்தப்போ, மெர்சிடிஸ் டீமோட ஹாமில்டன் கார்ல ஒரு பின் டயர் குறைந்தபட்ச அளவுக்கு 0.3 பிஎஸ்ஐ கீழே இருந்துச்சு, அதே டீம் ரோஸ்பெர்க் கார்ல 1.1 கீழே. ஜெயிச்ச ஹாமில்டனோட வெற்றியே பறிபோயிருக்கும். கடைசியில நடவடிக்கை எதுவும் இல்லை. ஏன்னா டயரைச் சூடா வெக்கிற வார்மர் போர்வையோட மின்சாரத்தை எடுத்தப்புறம் டயர் ஆறிக்கிட்டு இருந்த நேரத்துல அளந்திருக்காங்க. 0.3-க்கு அங்க அவ்வளவு விசாரணை, இங்க 9-க்கு ஒரு கேள்விகூடக் கிடையாது.

அளக்குற லட்சணம் அடுத்த வேதனை. செஷன் முடிஞ்சு உள்ள வந்து, ஹெல்மெட்டைக் கழட்டி, தண்ணி குடிச்சு, லேப் டைம் கதையெல்லாம் பேசி முடிச்சுட்டு கேஜைத் தேடுறாங்க. அதுக்குள்ள டயர் பாதி ஆறிடுச்சு. அந்த நம்பர் சூட்டுக் கணக்கும் இல்ல, ஆறின கணக்கும் இல்ல. வண்டி நின்ன உடனே குனிஞ்சு அளங்க, எப்பவும் ஒரே கேஜ்ல அளங்க. ரெண்டு கேஜ் ஒத்துப்போறதே அபூர்வம்.

இன்னொரு தப்பு, நாலு டயர்லயும் ஒரே அளவு வெக்கிறது. எல்லா டயரும் ஒரே மாதிரியா சூடாகுது? கடிகாரச் சுத்துல ஓடுற டிராக்ல வலது வளைவுதான் ஜாஸ்தி, பாரமெல்லாம் இடப்பக்கம் விழும். முன்சக்கரம் இழுக்கிற வண்டின்னா இடது முன் டயர்தான் முதல்ல வேகும். ஆறினப்போ அதுல கொஞ்சம் குறைச்சு வெச்சாதான் சூட்டுல மத்ததோட சேர்ந்து வரும். இதைச் சொன்னா நாலும் சமமா இல்லாதது ஆபத்துன்னு எனக்கே பாடம் எடுக்கிறாங்க!

நம்பர் சண்டையை விட்டுட்டு டயரைக் குனிஞ்சு பாருங்களேன். நிறைய டயர்ல தோள்பட்டை ஓரத்துல பொடிசா ஒரு முக்கோணம் அச்சடிச்சிருக்கும். தேய்ஞ்ச சொரசொரப்பு அந்த முக்கோண முனை வரைக்கும் வந்து நின்னா நல்லது. அதைத் தாண்டிப் பக்கச்சுவர்ல இறங்கியிருந்தா டயர் மடங்குது. முனையைத் தொடவே இல்லைன்னா பெரும்பாலும் காத்து கூட. ஆனா வெளி ஓரம் மட்டும் மழுங்கி, ரப்பர் திரி திரியா உருண்டு நிக்குதேன்னு அதுக்கும் காத்தையே ஏத்திக்கிட்டே போகாதீங்க. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் உள்ள வண்டி வளைவுல சாயும்போது கேம்பர், அதாவது டயரோட மேல்பக்கம் உள்பக்கமா சாஞ்சிருக்கிற கோணம், போயிடும், டயர் வெளி ஓரத்துலயே நின்னு தேயும். அதுக்கு வைத்தியம் கேம்பர்தான். டயர் சூட்டை அளக்கிற பைரோமீட்டர் ஊசியை உள்ள, நடுவுல, வெளியன்னு மூணு இடத்துல குத்திப் பார்த்தா, நடு சூடா ஓரம் சூடான்னு டயரே சொல்லிடும்.

நைட்ரஜன் அடிச்சா ஏறவே ஏறாதுங்கறதும் பொய். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான், எல்லா வாயுவும் சூட்டுல ஒரே மாதிரிதான் விரியும். காய்ஞ்ச நைட்ரஜன்ல ஈரம் இல்ல, அதனால ஏத்தம் கணிக்கிற மாதிரி இருக்கும். லாபம் அவ்வளவுதான்.

இதெல்லாம்கூட லேப் டைமோட போகட்டும். எனக்கு வயிறு எரியறது சாயங்காலம்தான். சூட்டுல 41-ஐ 32-க்கு இறக்கின அதே டயர்ல அப்படியே வீட்டுக்குக் கிளம்பறாங்க. ஆறினா அது 24 பிஎஸ்ஐ! மறுநாள் அதே வண்டியில நாலு பேர், டிக்கி நிறைய சாமான், நெடுஞ்சாலையில மணிக்கணக்கா வேகம். பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள வெந்து, வெளியில ஒண்ணும் தெரியாம ஒரு நொடியில வெடிக்கும். டிராக் நடத்துறவங்களே, உள்ள விடும்போது ஹெல்மெட் பார்க்கிறீங்க, வீல் நட் பார்க்கிறீங்க, வண்டியைக் கட்டி இழுக்கிற டோ ஹூக் இருக்கான்னு பார்க்கிறீங்க. வெளிய போற வண்டியை நிறுத்தி "காத்து திரும்ப அடிச்சீங்களா?"ன்னு கேக்க ஒரே ஒரு ஆளைப் போடக்கூடாதா?