புல்லும் பயிர்தான்

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது காங்கேயம் காளையின் படம் இல்லாத கைப்பேசியே இல்லை. நானும் வைத்திருந்தேன். அந்தக் காளை எதைத் தின்று வளர்கிறது என்று மட்டும் நாம் பேசவே இல்லை.

திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரமுமாகக் காடுகள் கிடக்கும். கொறங்காடு என்போம். தெரியாதவர்கள் தரிசு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மானாவாரியில் செய்கிற மேய்ச்சல் பண்ணையம் அது.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தன் காட்டை மூன்றாகப் பிரித்திருந்தார். ஒன்றை மேய்த்து முடித்தால் அடுத்தது. மேய்ந்த பக்கம் துளிர்த்து வரும்வரை படலைத் திறக்க விடமாட்டார். சித்திரையில் புல் கருகினாலும் வெள்வேலங்காய் உதிரும். ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. வேலி இருப்பதால் கூடவே நிற்க ஆள் வேண்டாம். மழை பெய்ததும் வேலியில் சந்து விழுந்த இடமெல்லாம் கிளுவைப் போத்து (வெட்டி நடும் கிளை) நடுவார். புல் மங்கினால் ஒரு வருடம் உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார், அப்புறம் புல் தானே எழுந்து வரும். செவலையாக, செந்நிறத்தில் பிறந்த கன்று ஆறு மாதத்தில் மயிலையாக, சாம்பல் நிறமாக மாறுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் ஒரு பண்ணையத்தின் சராசரி நிலம் 0.75 எக்டேர்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கர்கூட இல்லை. வெள்ளாமை பொய்த்த வருடத்தில் எங்கள் வீட்டுப் பள்ளிக் கட்டணம் கிடாய் விற்ற காசிலும் அம்மா கறந்து ஊற்றிய பாலிலும்தான் கட்டப்பட்டது. ஆடு மாடு வளர்ப்பதைப் போய் உபதொழில் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

போன வருடம் மாமா ஒரு பக்கத்தை சைட் போடக் கொடுத்துவிட்டார். பொக்லைன் அரை நாளில் வேலியைப் பிடுங்கிப் போட்டது. "பத்து வருசம் ஆடு வித்தாலும் இந்தக் காசு வராது மாப்பிள்ளை" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புல் போனால் மூட்டைத் தீவனம்தான். காங்கேயம் மாடு கறக்கிற கொஞ்சப் பாலில் அந்தச் செலவைத் தாங்க முடியாது; மாட்டையும் விற்றுவிடுவார்கள்.

ஆகவே நாட்டு மாட்டைக் காப்போம் என்கிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான்: கொறங்காட்டைப் பயிர் நிலமாக மதிக்கச் சொல்லி நீங்களும் குரல் கொடுங்கள். நெல்லுக்கும் கரும்புக்கும் அரசு பார்க்கிற கணக்கில் புல்லையும் சேர்க்கட்டும். வேலியைச் சீர்செய்யவும் போத்து நடவும் ஒரு தொகை கிடைத்தால், மாமா அடுத்த பக்கத்தை விற்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.