ஸ்க்ரூ வைத்தால் குனியவே முடியாதா?

“இடுப்பு எலும்பை இணைத்து ஸ்க்ரூ வைத்துவிட்டால் ஆயுசுக்கும் குனிய முடியாது, படுக்கைதான்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

இது கீழ்முதுகு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒன்றாக இணைக்கும் அறுவை சிகிச்சை. கீழ்முதுகில் 5 எலும்புகள். பெரும்பாலும் ஒன்றிரண்டு இணைப்புகளில்தான் அசைவை நிறுத்துகிறார்கள். குனிவதில் பெரும்பங்கு தொடை மூட்டுடையது. செருப்பு வாரைக் குனிந்து மாட்டிப் பாருங்கள், புரியும். பலரை மறுநாளே நடக்க வைத்துவிடுகிறார்கள். எலும்பு ஒட்டத்தான் மாதக்கணக்கில் ஆகும்; அதுவரை பாரம் தூக்கக் கூடாது. சிகரெட் பிடித்தால் அதுவும் தாமதமாகும்.

சரி, வலி முழுதாகப் போய்விடுமா? அந்த உறுதியும் பொய்தான். நரம்பு அழுத்தத்தால் வரும் கால்வலி பெரும்பாலும் நன்றாகக் குறையும்; முதுகுவலி சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும்.