பிள்ளை இருக்குது, நம்பர் இல்லை

எழுத்தர்: டி.சி. எங்கேங்கம்மா?

அம்மிச்சி: ஓமனிலிருந்து வரணும் சாமி.

எழுத்தர்: ஓமலூர்தானுங்களே? பவானியில் பஸ் ஏறி மேட்டூரில் மாறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

அம்மிச்சி: ஓமலூர் இல்லை கண்ணு, ஓமன். மஸ்கட். கடல் தாண்டிப் போகணும்.

எழுத்தர்: ஓமலூரில் ஏதுங்க கடல்?

அம்மிச்சி: அதைத்தானே நானும் சொல்றேன். பேத்தி அங்கேதான் அஞ்சாவது வரை படித்தாள். மருமகனுக்கு வேலை போச்சு. பீஸ் பாக்கி இருக்குதுன்னு டி.சி.யைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் இருக்குது, மார்க் அட்டை இருக்குது, பிள்ளை இதோ முழுசாக நிற்குது.

எழுத்தர்: பிள்ளை இருந்தால் போதுங்களா? எமிஸ் நம்பர், அதான் பள்ளிக் கல்வித் துறை கணினியில் பிள்ளைக்கு இருக்கிற நம்பர், வேணுமே.

அம்மிச்சி: அதை யார் கொடுப்பாங்க?

எழுத்தர்: பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் கொடுப்போம்.

அம்மிச்சி: சேரணும்னா?

எழுத்தர்: எமிஸ் நம்பர் வேணும்.

(சொன்ன பிறகு எழுத்தருக்கே லேசாக இடித்தது. ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.)

எழுத்தர்: சரி, ஆதாராவது இருக்குதுங்களா?

அம்மிச்சி: இனிமேல்தான் எடுக்கணும். பள்ளிக்கூடத்தில் சேர ஆதார் கட்டாயமில்லைன்னு 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிப்போட்டதே.

எழுத்தர்: அது டெல்லிங்க.

அம்மிச்சி: அப்போ பவானி என்ன ஓமனிலா இருக்குது?

எழுத்தர்: கோபப்படாதீங்க. முன்னாடி படித்த பள்ளி எந்த மாவட்டம்? அதைப் போடாட்டி அடுத்த பக்கம் திறக்காது.

அம்மிச்சி: மஸ்கட்.

எழுத்தர்: மதுரை இருக்குது, மயிலாடுதுறை இருக்குது, மஸ்கட்டைக் காணோமே. சேலம் போடட்டுங்களா? உள்ளே ஓமலூர் வந்துடும்.

அம்மிச்சி: போடு சாமி, பிளேன் செலவு மிச்சம்.

எழுத்தர்: அப்படிப் போட்டால் ஓமலூர் அதிகாரியிடம் மேலொப்பம் வாங்கணுமே.

அம்மிச்சி: ஓமன் சுல்தான் போட்டால் ஆகாதா?

எழுத்தர்: அவரு எந்த வட்டாரமுங்க?

அம்மிச்சி: ஏஞ்சாமி, ஏப்ரல் மாசம் ஆட்டோவில் மைக் கட்டி, எங்கள் வீதியில் ‘அரசுப் பள்ளியில் சேருங்கள்’னு நோட்டீஸ் கொடுத்தது யாரு?

எழுத்தர்: நாங்கதானுங்க. பிள்ளைகள் குறைந்துபோச்சு. இன்னும் குறைந்தால் வாத்தியாரை உபரின்னு வேறே பள்ளிக்குத் தூக்கிடுவாங்க.

அம்மிச்சி: ஆக, பிள்ளை வேணும். அதுவும் எமிஸ் நம்பரோடே பிறந்த பிள்ளையாக வேணும்.

எழுத்தர்: விதிமுறைங்கம்மா.

அம்மிச்சி: விதியை நான் சொல்றேன், எழுதிக்கோ. 2009 கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதமாகுதுன்னு பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. வயசுச் சான்று இல்லாட்டியும் சேர்க்கணும், அது 14ஆம் பிரிவு.

எழுத்தர்: வக்கீலுங்களா?

அம்மிச்சி: சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள். முட்டைக் கணக்குக்கு ஆடிட் பார்த்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? 1982ல் எம்.ஜி.ஆர். திட்டம் ஆரம்பித்தபோது, தட்டை நீட்டின பிள்ளையிடம் டி.சி. கேட்டுவிட்டா சோறு போட்டோம்?

(எழுத்தர் மேசை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.)

எழுத்தர்: டி.சி. பின்னால் தருகிறேன்னு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துடுங்க, சேர்த்துக்கலாம்.

அம்மிச்சி: அவ்வளவுதானா? இதை வந்தவுடனே சொல்றதுக்கென்ன?

எழுத்தர்: முதலில் எல்லாத்தையும் கேட்டுப் பார்ப்போமுங்க. இருக்கிறவங்க கொடுத்துடுவாங்கல்ல?

அம்மிச்சி: இல்லாதவங்க?

எழுத்தர்: எதிரில் மெட்ரிக் பள்ளி வேன் நிற்குதுங்களே.